தலைக்கு மேல் நின்ற ராக்கெட்

நெட்டூரணிக்காரர்களுக்கு ஏற்றிவிடத் தெரியும், இறக்கத் தெரியாது. கொடியை ஏற்றுவார்கள், அது கம்பத்திலேயே நைந்து நூலாகும்வரை இறக்க மாட்டார்கள். நடிகருக்குக் கட்அவுட் ஏற்றுவார்கள், காற்றடித்துப் பெட்டிக்கடைமேல் சாயும்வரை அதை அவிழ்க்க ஆள் வராது. ஒருமுறை தார்ச்சாலை கேட்டுத் தண்ணீர்த் தொட்டியின் உச்சிக்கு ஏறிய ஒரு மனிதரை விசிலடித்துக் கைதட்டி ஏற்றிவிட்டு, சாப்பாட்டு நேரமாகிவிட்டதென்று எல்லோரும் ஏணியோடு வீட்டுக்குப் போய்விட்டதால், அவர் பொழுது சாய்கிறவரை மேலே நின்று, சாலை வேண்டாம் ஏணி வந்தால் போதும் என்று கத்திக்கொண்டிருந்தார். பட்டாசு செய்து பிழைக்கிற பூமி இது. நாங்கள் செய்வதெல்லாம் மேலே போகும், வெடிக்கும், எல்லோரும் வாயைப் பிளப்பார்கள். மிச்சம் எங்கே விழுந்தது என்று குனிந்து பார்த்தவன் ஒருவன்கூட இந்த ஊரில் கிடையாது.

அப்பேர்ப்பட்ட ஊரில் மாதிரி ராக்கெட் மன்றம் ஒன்று முளைத்ததில் எனக்கு வியப்பேதும் இல்லை. தலைவர் தவசிலிங்கம், என் எதிர்வீட்டுக்காரன், பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் அடிக்கிற அச்சகம் வைத்திருப்பவன். மன்றத்தில் ஏற்றக் குழு என்று ஒன்று இருந்தது, அதில் இடம் கிடைக்க ஆளாளுக்கு அடித்துக்கொண்டார்கள். வரவேற்புக் குழு இருந்தது, புகைப்படக் குழு இருந்தது, விருந்துக் குழுவுக்குத் துணைக்குழுவே இருந்தது. இறக்கக் குழுவில் மட்டும் ஒரே ஒரு ஆள். அது தவசிலிங்கத்தின் மனைவி கற்பகவல்லி, பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். அவளையும் யாரும் நியமிக்கவில்லை. கேட்பாரில்லாமல் கிடந்த வேலையை அவளாக எடுத்துக்கொண்டாள்.

ராக்கெட்டைக் கொளுத்தி மேலே விடுவது எந்த மடையனுக்கும் வரும். போக முடிந்த உயரம்வரை போய், இனிமேல் வழியில்லை என்று அது தலையைக் கீழே சாய்க்கிற அந்த ஒரு கணத்தில், குழலுக்குள் கெட்டித்து வைத்த ஒரு சிட்டிகை வெடிமருந்து தீப்பிடித்து, டப்பென்று வெடித்து, மூக்குக் கூம்பை உந்தித் தள்ள, கூம்பு தன்னோடு கட்டிய பாராசூட்டை வெளியே இழுத்துப்போட, அது விரிந்து காற்றைப் பிடிக்க வேண்டும். பிடித்தால் பிழைத்தது. பிடிக்காவிட்டால் ஆள் உயர ராக்கெட் ஆள் உயர ஈட்டியாகத்தான் தரைக்கு வரும். இதற்காகக் கற்பகவல்லி படாத பாடுபட்டாள். மருந்தின் சூடு துணியைச் சுட்டுவிடக் கூடாதென்று பஞ்சை வெண்காரத் தண்ணீரில் நனைத்து உலர்த்தி நடுவில் திணிப்பாள். மெல்லிய நைலானில் வட்டம் வெட்டி, ஊஞ்சலாடாமல் இறங்குவதற்காக அதன் உச்சியில் ஓர் ஓட்டை விட்டுத் தைப்பாள். ஒட்டாமலிருக்க மடிப்புக்கு மடிப்பு முகப் பவுடர் தூவி, கயிறுகள் சிக்காமல் சுற்றி, ஏற்றும் நாள் காலையில்தான் மடித்து வைப்பாள், முந்தின நாள் மடிக்க மாட்டாள். நாள்பட மடிந்து கிடந்த துணிக்கு விரிய மறந்துபோகும் என்பாள். கடைசியில் மூக்கைப் பிடித்து ராக்கெட்டைத் தூக்குவாள். உடல் கழலாமல் தொங்க வேண்டும், லேசாக ஓர் உதறு உதறினால் கழன்று வர வேண்டும். இதை ஏற்றக் குழுவினர் கண்கொண்டு பார்த்ததில்லை. அந்த நேரத்தில் அவர்கள் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருப்பார்கள்.

தை மாதத்தில், குடியரசு தினத்தன்று, மன்றத்தின் பெரிய ராக்கெட்டை ஏற்றினார்கள். தவசிலிங்கம் அதன் உடம்பில் கைகூப்பிச் சிரிக்கிற தன் படத்தை நாலு கலரில் அடித்து, கீழே ‘விண்ணை வென்ற வேந்தர்’ என்று போட்டிருந்தான். ராக்கெட் அப்போது மாட்டுவண்டியில் படுத்துக் கிடந்தது. விண்ணுக்கு இன்னும் தகவல்கூடப் போகவில்லை.

பூஜை போடாமல் ஒன்றை ஏற்றுகிற வழக்கம் எங்களிடம் இல்லை. புது மிஷினுக்கும் சந்தனம், புது வண்டிக்கும் சந்தனம், பக்கத்துத் தெருவில் ஆழ்துளைக் கிணறு வற்றிப்போனபோது அதற்கும் சந்தனம் வைத்தார்கள். ராக்கெட்டுக்குப் பட்டை போட வாகான இடம் தேடியவர்கள், மூக்கும் உடம்பும் சேருகிற இடத்தில் சுற்றிவர ஒரு கோடு ஓடுவதைப் பார்த்து, ஆண்டவனே காட்டிய இடம் என்று அங்கேயே கனமாக அப்பினார்கள். வெறும் சந்தனம் வெயிலில் உதிரும், படத்தில் அசிங்கமாக விழும் என்று, லேபிள் ஒட்டக் காய்ச்சுகிற மைதாப் பசையையும் அதில் கலந்திருந்தார்கள். காலையில் வருவதாகச் சொன்ன நகரமன்றச் சேர்மன் அருணகிரி, வெயில் உச்சிக்கு வந்த பிறகு, மாலைக்குக் கழுத்தை நீட்டிக்கொண்டே காரிலிருந்து இறங்கினார். அதற்குள் அந்தப் பட்டை காய்ந்து ஓடாக இறுகிவிட்டது.

மோர் ஊற்றிக்கொடுக்க அனுப்பப்பட்டிருந்த கற்பகவல்லி அப்போதுதான் அதைப் பார்த்தாள். தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்தாள்.

“சார், மூக்கு சேருற எடத்துல பசை காஞ்சிருச்சு. இதச் சுரண்டாம விட்டா பாராசூட் வெளிய வராது.”

“டீச்சர், சாமிக்கு வச்ச சந்தனத்தச் சுரண்டுறதா?” சேர்மன் பக்கத்திலிருந்தவர்களைப் பார்த்துச் சிரித்தார். “நல்ல காரியம் நடக்கையில என்ன பேச்சு இது?”

“ஒரு நிமிஷம் போதும் சார், ஈரத்துணி வச்சுத் தொடச்சிருவேன். இல்லேன்னா அப்படியே குத்திக்கிட்டு வரும்.”

“கற்பகம்,” என்றான் தவசிலிங்கம் பல்லைக் கடித்துக்கொண்டு, “போட்டோ எடுக்கணும். கொஞ்சம் தள்ளி நில்லு.”

“விழுந்தா ஆளு செத்துருவாங்கங்க.”

“மேல போறத மொதல்ல பாப்போம்” என்றான் அவன். ஏற்றக் குழு முழுக்க அதற்குக் கைதட்டியது.

மேலே போனது நன்றாகத்தான் போனது. புகையைக் கக்கிக்கொண்டு எழும்பி, காற்றுக்குச் சாய்ந்து மைதானத்தை விட்டு விலகி, எங்கள் தெருப் பக்கமாக ஏறி, உச்சிக்குப் போய், மரியாதையாகத் தலையைக் கவிழ்த்தது. உள்ளே டப்பென்று கேட்டது. பின்பக்கமாகக் கொஞ்சம் புகை வந்தது. சந்தனம் அசைந்து கொடுக்கவில்லை. ராக்கெட் தலைகீழாக நாலைந்து பனை உயரம் இறங்கி வந்து, அங்கேயே நின்றுவிட்டது. காற்றில் ஆடவில்லை, அசையவில்லை, நின்றது. இறங்குவதென்றால் பாராசூட்டோடுதான் இறங்க வேண்டும் என்று அது கற்பகவல்லியிடம் பழகியிருந்தது, பாராசூட் வரவில்லை, ஆகவே அது இறங்கவில்லை. இதற்குமேல் எனக்கும் தெரியாது, தெரிந்துகொள்ள ஊரில் யாரும் மெனக்கெடவும் இல்லை. கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தார்கள். பிறகு கேசரி ஆறுகிறதென்று பந்தலுக்குப் போய்விட்டார்கள்.

மறுநாளும் அது நின்றது, அதற்கு மறுநாளும் நின்றது, அதற்குள் ஊர் அதைத் தன் வீட்டுச் சாமான்களில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. பஸ் நிறுத்தத்துக்கு ராக்கெட்டடி என்று பெயர் வந்தது, கண்டக்டர்கள் கூசாமல் அதையே கூவினார்கள். மாடசாமி டீக்கடையில் ராக்கெட் ஏறிக்கொண்டிருக்கிறது என்று ஒரு கட்சியும் இறங்கிக்கொண்டிருக்கிறது என்று ஒரு கட்சியும் உண்டாகி, அது இரண்டும் செய்யவில்லை என்று சொன்ன ஓர் அப்பாவிக்கு இரண்டு கட்சியிலும் அடி விழுந்தது. ராக்கெட்டின் நிழல் காலையில் மேற்கே போய் மாலையில் கிழக்கே திரும்புவதால், நிழல் விழுகிற வீட்டுக்காரர்கள் தங்களை நிழல்வீட்டார் என்று சொல்லிக்கொண்டு, நிழல் விழாத வீட்டில் பெண் எடுப்பதை நிறுத்தினார்கள். பரீட்சைக்குப் போகிற பிள்ளைகளை அந்த நிழலில் நிறுத்தி நெற்றியில் மண்ணைப் பூசினார்கள், அந்தப் பிள்ளைகள் வழக்கம்போல் ஃபெயிலானபோது, நின்றது நிழலின் ஓரத்தில்தான், நடுவில் இல்லை என்று காரணம் சொன்னார்கள். மனை விற்கிறவர்கள் ராக்கெட் தெரியும் மனை என்று பலகை வைத்தார்கள். அது எங்கிருந்து பார்த்தாலும் தெரிந்தது, அடுத்த ஊர்க் குப்பைமேட்டிலிருந்துகூட. நகரமன்றம் கூடி, வானத்தில் நிற்பது சேர்மன் அருணகிரி அவர்களின் சாதனை என்று தீர்மானம் போட்டது. ஒருவர்கூட எதிர்க்கவில்லை.

அதன் மூக்கு யாரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. அது தவசிலிங்கத்தின் மொட்டைமாடிக்கு நேர் மேலே, நூல் பிடித்தாற்போல் நின்றது. கல்யாண மண்டபத்து மாடியிலிருந்து பார்த்தால், ஆகாயத்தில் தலைகீழாகக் கைகூப்பிச் சிரிக்கிற தவசிலிங்கமும், அதற்குக் கீழே நிஜத் தவசிலிங்கமும் ஒன்றாகத் தெரிவார்கள்.

முதலில் அவனுக்கும் பயம்தான். சொல்லாமல் கொள்ளாமல் அச்சகத்தில் போய்ப் படுத்துக்கொண்டான், வேலை அதிகம் என்று கதை விட்டான். ஆனால் வீட்டு வாசலில் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். “அண்ணாச்சி தலைக்கு மேல நிக்குதுன்னா சும்மாவா? அண்ணாச்சிக்கு ஒண்ணும் ஆகாது” என்று பயமில்லாமல் சொன்னார்கள், அவர்கள் தலைக்கு மேல் வெறும் ஆகாயம்தானே இருந்தது. மாலை போட்டார்கள். காலைத் தொட்டார்கள். செதுக்கு வேலைப்பாடு செய்த ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து, மொட்டைமாடியில் ராக்கெட்டின் மூக்குக்கு நேர்கீழே போட்டு, “இங்க ஒக்காருங்கண்ணாச்சி” என்றார்கள். தவசிலிங்கத்துக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு நாள் உட்கார்ந்தான், மறுநாளும் உட்கார்ந்தான், மாசி முடிவதற்குள் கையை எந்த உயரத்துக்குத் தூக்கினால் ஆசீர்வாதம், எந்த உயரத்துக்குத் தூக்கினால் வணக்கம் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படியாகிவிட்டது. அடுத்த தேர்தலில் உனக்குத்தான் சீட் என்று சேர்மன் காதில் ஓதினார். அப்புறம் அவனை நாற்காலியிலிருந்து எழுப்ப யாரால் முடியும்?

கற்பகவல்லியால் முடியவில்லை. எங்கள் தெரு குறுகல், அவர்கள் வீட்டில் கடுகு தாளிக்கிற சத்தம்கூட என் வீட்டுக்குக் கேட்கும், அவள் கெஞ்சியது முழுவதும் எனக்குக் கேட்டது.

“எறங்கி வாங்க. நாம எங்கம்மா வீட்டுக்குப் போயிருவோம். அது விழுந்ததுக்கப்புறம் வருவோம்.”

“விழும்னு யாரு சொன்னா?”

“நான் சொல்லுறேன். உள்ள பாராசூட்டு மடிஞ்சு கெடக்குங்க. வெயில்ல வேகுது. நாளாக நாளாக மடிப்பு ஒட்டிக்கிரும். இப்பக் கழண்டா விரியும், சித்திரைக்கப்புறம் கழண்டா விரியுமான்னு எனக்கே தெரியாது.”

“ஊரே நம்புது. நீ ஒருத்திதான் நம்பல.”

“ஊரு தலைக்கு மேலயா நிக்குது?”

“நான் எந்திரிச்சுப் போனா என்ன சொல்லுவாங்க தெரியுமா? தவசிலிங்கமே பயந்துட்டான்னு சொல்லுவாங்க. அதுக்கு நான் செத்துரலாம்.”

“அதத்தாங்க நானும் சொல்லுறேன்” என்று அவள் அழுதாள்.

அழுதுவிட்டுச் சும்மா இருக்கிறவள் இல்லை அவள். பசையைக் கரைக்கத் தண்ணீர் போதும். தீயணைப்பு நிலையத்துக்குப் போய், குழாயை நீட்டி மேலே அடியுங்கள் என்று கேட்டாள். அந்த உயரத்துக்குத் தண்ணீர் எட்டாது, எட்டினாலும் சேர்மன் கடிதம் வேண்டும் என்றார்கள். அப்படிச் சொன்ன அதிகாரி காலையில்தான் தன் வண்டியை ராக்கெட் நிழலில் நிறுத்தி எலுமிச்சம்பழம் நசுக்கிவிட்டு வந்திருந்தார். பிறகு அவளே ஒரு சின்ன ராக்கெட் செய்தாள், மூக்கில் ஒரு பலூன் தண்ணீர் வைத்து, பக்கத்தில் போய் வெடித்துச் சிதறும்படி. அதைத் தூக்கிப் போகும் மருந்துக் குழல்கள் அச்சகத்துப் பீரோவில் இருந்தன. தவசிலிங்கம் பீரோவைப் பூட்டி, அவள் கண்ணெதிரே சாவியைக் கிணற்றில் போட்டான். கிணற்றில் தண்ணீர் இல்லாததால் சாவி கல்லில் பட்டு அடித்த சத்தம் தெருவுக்கே கேட்டது. அன்றிலிருந்து அவள் பாயை எடுத்துக்கொண்டு போய் மொட்டைமாடிப் படிக்கட்டில் விரித்தாள். அவனுக்குச் சாப்பாடும் அங்கேயே போகும், அவள் விடைத்தாள் திருத்துவதும் அங்கேதான். விழும்போது ஓடிப்போய் அவனைப் பிடித்துத் தள்ளிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தாள். கணக்கு டீச்சர்தானே, அவ்வளவு நேரம் கிடைக்காது என்பதும் அவளுக்குத் தெரிந்திருக்கும்.

இனி மழை ஒன்றுதான் மிச்சம். மழை வந்தால் பசை கரையும் என்று கற்பகவல்லி சொன்னது எப்படியோ ஊர் காதுக்கு எட்டிவிட்டது, அவ்வளவுதான், ராக்கெட் போய்விடுமே என்று ஊர் பதறிப்போனது. நெட்டூரணியில் மழை கண்டு வருஷம் ஒன்றுக்கு மேல் ஆகியிருந்தது. ஊருணி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது, தண்ணீர் லாரிக்குப் பின்னால் பெண்கள் குடத்தோடு ஓடினார்கள். போன வருஷம்தான் மழை வேண்டி இரண்டு கழுதைகளுக்குத் தாலி கட்டி, மேளம் வைத்து ஊர்வலம் விட்டிருந்தார்கள். இப்போது அதே ஊர் கூட்டம் கூடி, அந்தக் கழுதைகள் சேர்ந்திருக்கிறவரை மழை வரும் ஆபத்து இருக்கிறதென்று முடிவுசெய்து, இரண்டையும் பந்தலுக்கு இழுத்துவந்து, பெரிய மனிதர்கள் முன்னிலையில் தாலியை அறுத்து, ஆண் கழுதையை மேற்கு ஊருக்கும் பெண் கழுதையைக் கிழக்கு ஊருக்கும் ஓட்டிவிட்டார்கள். கழுதைகள் ஒன்றையொன்று திரும்பித் திரும்பிப் பார்த்துக் கத்திக்கொண்டே போயின. மேளக்காரர் எந்த ராகம் வாசிப்பதென்று தெரியாமல் விழித்தார். குடத்தோடு வரிசையில் நின்ற பெண்கள்கூட வரிசையை விட்டுவிட்டு வந்து குலவை போட்டார்கள். வறண்ட நாக்கோடு மழை வராதே என்று கும்பிட்ட ஒரே ஊர் இதுவாகத்தான் இருக்கும்.

கற்பகவல்லி மட்டும் தன் வீட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்து மேற்கே பார்த்துக்கொண்டிருந்தாள். பங்குனி போனது, சித்திரை பிறந்து பாதி போனது. அவளுக்குத் துணிதான் கவலை. துணியை நினைத்து நினைத்தே இளைத்துப்போனாள். ராத்திரியில் எழுந்து தன் சேலையை மடிப்பதும் உதறுவதும் மடிப்பதும் உதறுவதுமாக இருப்பாள் என்று என் மனைவி சொன்னாள்.

சித்திரைக் கடைசியில் ஒரு மத்தியானம், தவசிலிங்கத்தை வேட்பாளராக அறிவிக்க எங்கள் தெருவில் பந்தல் போட்டு, ஒலிபெருக்கி கட்டி, ஊரே திரண்டு நின்றது. மொட்டைமாடியில் நாற்காலியில் தவசிலிங்கம் பட்டு வேட்டியோடு உட்கார்ந்திருந்தான், பின்னால் ஒருவன் கோயில் குடை பிடித்தான், பக்கத்தில் சேர்மன் அருணகிரி ஒலிவாங்கியைக் கையில் பிடித்து நின்றார். “விண்ணே வணங்கி நிற்கிற இந்த மனிதர்...” என்று அவர் ஆரம்பித்தபோது மேற்கே ஓர் இடி இடித்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மேகம் கறுத்துக்கொண்டு, யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல், வந்துகொண்டிருந்தது.

“கழுதைய ஒழுங்காப் பிரிச்சு விட்டீங்களாய்யா?” என்று சேர்மன் ஒலிவாங்கியிலேயே கேட்டார்.

மழை கொட்டியது. தார்ப்பாய்ப் பந்தல் ஒழுகியது, ஒலிபெருக்கி இருமி நின்றது, ஒருவரும் நகரவில்லை. அப்போது மேலேயிருந்து மஞ்சள் நிறத்தில் துளிகள் விழத் தொடங்கின, வெள்ளைச் சட்டைகளில் பொட்டுப் பொட்டாக. சந்தன மழை என்று ஒருவன் கத்தினான். கையேந்தி வாங்கிக் குடித்தார்கள், தலையில் தெளித்துக்கொண்டார்கள், குழந்தைகளின் வாயைப் பிடித்துத் திறந்து உள்ளே விட்டார்கள். தவசிலிங்கம் குடையை விலக்கச் சொல்லி, முகமெல்லாம் மஞ்சள் வழிய ஆசீர்வாத உயரத்துக்குக் கையைத் தூக்கினான்.

“ஐயோ, பசை கரையுது!” என்று கற்பகவல்லி படிக்கட்டிலிருந்து அலறினாள். “எந்திரிங்க! எல்லாரும் ஓடுங்க!”

அவள் சொல்லி முடிப்பதற்குள் மேலே மூக்குக் கூம்பு மெல்ல வழுக்கி, உடம்பை விட்டுக் கழன்று, இரண்டையும் கட்டியிருந்த எலாஸ்டிக் நாடாவில் தொங்கியது. அதன் பின்னால் பாராசூட் வந்தது. வந்தது, விரியவில்லை. சுருட்டி மூலையில் வைத்த குடைபோல ஒட்டிக்கொண்டு கிடந்தது. பாராசூட் வெளியே வந்துவிட்டதால், இறங்கலாம் என்று ராக்கெட்டும், முதலில் தயங்கித் தயங்கி, பிறகு வேகமெடுத்து, இறங்க ஆரம்பித்தது.

நெட்டூரணி ஓடியதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முதலில் ஓடியவர் சேர்மன், படியில் கால் வைத்தாரா கைப்பிடியில் சறுக்கினாரா என்றுகூடத் தெரியவில்லை. குடை பிடித்தவன் குடையை நாற்காலியில் சாய்த்துவிட்டுப் போனான், அந்த அளவுக்காவது மரியாதை தெரிந்தவன். அண்ணாச்சிக்கு ஒன்றும் ஆகாது என்றவர்கள், நிழல்வீட்டார்கள், ஏறுகிறது என்ற கட்சி, இறங்குகிறது என்ற கட்சி, ஏற்றக் குழு முழுவதும், ஒருவர் முதுகில் ஒருவர் கை வைத்துத் தள்ளிக்கொண்டு, செருப்பையும் குழந்தைகளையும் பந்தலில் விட்டுவிட்டு, குழந்தைகளுக்காக மட்டும் திரும்பி வந்து, மறுபடி ஓடினார்கள். தெரு துடைத்து வைத்தாற்போல் ஆனது. நான் என் மாடி ஜன்னலில் நின்றேன். எனக்கு நேர் மேலே எதுவும் இல்லை, நான் ஏன் ஓட வேண்டும்?

தவசிலிங்கம் எழவில்லை. பயத்தில் கால் வராமல் போயிற்றோ, வீம்போ, அவனுக்கே தெரியாது. நாற்காலிக் கைகளை இறுக்கிப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டான். கற்பகவல்லி ஒரே ஓட்டமாக ஏறி வந்து அவன் தோளைப் பிடித்து இழுத்தாள், தள்ளினாள், அடித்தாள். அவன் நாற்காலியோடு ஒட்டிப்போயிருந்தான். அவளால் அசைக்க முடியவில்லை. அதற்கப்புறம் அவள் ஓடியிருக்கலாம், நேரம் இருந்தது. அவள் ஓடவில்லை. அவனைக் குனிந்து கட்டிக்கொண்டு, தன் முதுகை மேலே கொடுத்து, முகத்தை மட்டும் திருப்பித் துணியைப் பார்த்தாள்.

கோபுர உயரத்துக்கு வந்தபோது துணியின் ஒரு மடிப்பு விட்டது. பிறகு இன்னொன்று. அவள் தை மாதம் தூவிய பவுடர் கொஞ்சம் வெள்ளையாகப் பறந்தது. அதற்கப்புறம் அது ஒரே உதறலில் விரிந்தது, தென்னைமட்டை முறிகிற சத்தத்தோடு, அந்தத் தெரு அகலத்துக்கு விரிந்தது, ராக்கெட்டை ஒரு வெட்டு வெட்டித் தூக்கி, பிறகு மெல்ல, ஆடாமல், அவள் சொல்லிக்கொடுத்தபடியே இறக்கிக்கொண்டு வந்தது. தலைகீழாகச் சிரித்துக்கொண்டிருந்த படத்துத் தவசிலிங்கம் நிமிர்ந்து சிரித்தான். ராக்கெட் கைப்பிடிச் சுவரில் ஒருமுறை தட்டி, நாற்காலிக்கு எதிரே தரையில் படுத்தது. நனைந்த துணி வந்து இருவரையும் சேர்த்து மூடியது.

எனக்கு அந்த நேரத்தில் கண் கலங்கியது, மறைக்க என்ன இருக்கிறது. இந்த ஊரில் ஒரு பொருள் ஒழுங்காக இறங்கி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

கற்பகவல்லி துணியை விலக்கினாள். அவன் முகத்தைத் தன் இரண்டு கைகளிலும் பிடித்து, “ஒண்ணுமில்லங்க, வந்துருச்சு, வந்துருச்சு” என்றாள். அழுகையும் சிரிப்புமாக அதையே சொன்னாள்.

தவசிலிங்கம் கண்ணைத் திறந்தான். ராக்கெட்டைப் பார்த்தான். தன் கைகாலைப் பார்த்துக்கொண்டான். பிறகு அவள் கைகளை விலக்கிவிட்டு, எழுந்து கைப்பிடிச் சுவருக்குப் போய் எட்டித் தெருவைப் பார்த்தான்.

“யாராச்சும் பாத்தாங்களா?” என்றான். “நான் எந்திரிக்கவே இல்ல. கடைசி வரைக்கும் எந்திரிக்கல. பாத்தாங்களா?”

“எல்லாரும் ஓடிட்டாங்கங்க.”

“ஒருத்தர்கூடவா இல்ல?”

“நான் பாத்தேன்” என்றாள் அவள்.

அவன் திரும்பி அவளைப் பார்த்தான். தலை முதல் கால் வரை ஈரமாக, முதுகில் மஞ்சள் வழிய நின்றவளைப் பார்த்தான்.

“நீ பாத்து என்ன ஆகப்போகுது?” என்றான்.

மழை விட்டிருந்தது. கற்பகவல்லி துணியைப் பிழிந்து கைப்பிடிச் சுவரில் விரித்துப் போட்டாள், கயிறுகளை ஒவ்வொன்றாகச் சிக்கெடுத்துவிட்டாள், அந்த வேலையை மட்டும் பாதியில் விட அவளுக்கு மனம் வரவில்லை. பிறகு கீழே இறங்கி, சேலை மாற்றி, திருத்திய விடைத்தாள்களையும் நாலு துணியையும் ஒரு பையில் எடுத்துக்கொண்டு, பந்தலில் சிதறிக்கிடந்த செருப்புகளுக்கு நடுவே தன்னுடையதைத் தேடிப் போட்டுக்கொண்டு, பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள்.

தெருவுக்குள் ஆட்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். அவள் அவர்களைக் கடந்துதான் போனாள், கூட்டத்தின் நடுவிலேயே போனாள். ஒருவரும் அவளைப் பார்க்கவில்லை. எல்லோரும் வெறும் ஆகாயத்தை அண்ணாந்து பார்த்து நின்றார்கள். மொட்டைமாடியில் அவள் புருஷனும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.